தேதிமேல் அப்பிய சந்தனம்

ஆயுத பூஜை அன்று காலையில் கலைவாணி ஈரத்துணியோடு நாற்காலிமேல் ஏறி நின்றாள். அரிசி மில் ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்ட சட்டங்கள் ஏழு. தொழிற்சாலை உரிமம், தீயணைப்புச் சான்று, எடைமேடை முத்திரைச் சான்று என்று வரிசையாக மாட்டியிருக்கும். வருஷம் பூரா அவற்றின்மேல் உமித்தூசி படிந்து கிடக்கும், ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இன்று மட்டும் அவற்றுக்குக் குளியல், சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம் எல்லாம் உண்டு. காகிதத்தைக் கும்பிடுவதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதற்குத்தான் நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

ஐந்தாவது சட்டம் பாய்லருடையது. நெல் அவிக்க ஆவி கொடுக்கிற அந்த இரும்புப் பூதம் ஓட்டுவதற்குத் தகுதியாக இருக்கிறது என்று வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரி வந்து பார்த்து எழுதித் தருகிற சான்று. கலைவாணி கண்ணாடியின் அடிப்பக்கத்தைத் துடைத்தாள். ‘செப்டம்பர் 22 வரை செல்லும்’ என்று இருந்தது. அன்று அக்டோபர் ஒன்று.

பதினோரு வருஷமாக இந்த ஆபீசைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். பி.காம். படித்தவள், ஒரு வேலையையும் விட்டுவைக்கமாட்டாள். ஒவ்வொரு ஜனவரியிலும் தேதி கிழிக்கிற காலண்டர் வந்ததும், எந்தச் சான்று எப்போது முடிகிறதோ அதற்கு ஒரு மாதம் முன்னால் இருக்கிற தாளைத் தேடிப் பிடித்துச் சிவப்புப் பேனாவால் எழுதிவைப்பாள். அந்தத் தாள் மேலே வந்த அன்றைக்கு மனு போட்டுவிடுவாள். செஞ்சியில் அவள் மாதிரி ஆபீஸ் பார்க்கிற பெண் யார் என்று முதலாளி தங்கராஜே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். இந்த வருஷம் மட்டும் எப்படித் தவறியது?

குங்குமம் எடுக்க மேஜை டிராயரைத் திறந்தபோது அதற்குப் பதில் கிடைத்தது. மேல்மலையனூர் குங்குமப் பொட்டலம். ஆவணி அமாவாசைக்கு மில்லில் பாதிப் பேர் அங்காளம்மனைப் பார்க்கப் போய்விட்டார்கள், கலைவாணியும் போயிருந்தாள். அன்றைக்கு மில்லுக்கு லீவு. மறுநாள் வந்தவள் பழக்கதோஷத்தில் ரெண்டு தாளைப் பார்க்காமலே சேர்த்துக் கிழித்து, அதில் ஒன்றில் குங்குமத்தைக் கொட்டி மடித்து டிராயரில் போட்டாள். இப்போது பிரித்துப் பார்த்தால், குங்குமத்துக்கு அடியில் அவள் கையெழுத்து. ‘பாய்லர். மனு போடணும்.’

அவள் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே முதலாளியிடம் போனாள்.

“இன்னா கலைவாணி, நல்ல நாளும் அதுவுமா மூஞ்சி செத்துக் கெடக்குது?” என்றார் தங்கராஜ். வாழைக்கன்று கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், பாய்லரு சர்டிபிகேட்டு தேதி முடிஞ்சு ஒம்போது நாளாச்சு. என் தப்புதான். நான் பாக்காம வுட்டுட்டேன்.”

“அடக் கடவுளே! நீயே இப்பிடிப் பண்ணா நான் யாரப் போய்க் கேக்கறது? சரி சரி, அழுவாத. மனுவப் போட்டுடு.”

“போட்டுடறேன் சார். ஆனா பாய்லர நிறுத்தணும்.”

நிறுத்துவது என்றால் ஒரு சுவிட்சை அணைக்கிற வேலை இல்லை. நெருப்பை அவித்து மூணு நாள் ஆறவிடவேண்டும். வாயைத் திறந்து கரி சுரண்டவேண்டும். வால்வுகளைக் கழற்றி அதிகாரி கண்ணுக்கு முன்னால் வரிசையாக வைக்கவேண்டும். ஒரு வாரம் போய்விடும். தீபாவளிக்கு இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. சென்னைக்கு நாலு லாரி அரிசி அனுப்புவதாகத் தங்கராஜ் வாக்குக் கொடுத்திருந்தார்.

“தீபாவளி முடியட்டும்மா. மறுநாளே நிறுத்திடறேன், சத்தியமா. இவ்ளோ நாளு ஓடுனது இன்னும் இருவது நாளு ஓடாதா? இரும்புக்குத் தேதி தெரியுமா இன்னா?” என்றார்.

“கலியபெருமாளண்ணன் கேட்டாருன்னா?”

தங்கராஜ் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவன் கிட்ட வாயே தொறக்காத. தேதி முடிஞ்சுதுன்னு தெரிஞ்சா அந்தாளு நெருப்பு வெக்கமாட்டான். ஒனக்குத் தெரியாததா? பொட்டு வெக்கப் போற இல்ல, அத கொஞ்சம் கீழயா, பெருசா வெச்சுடு. பூஜைக்கு நாலு பேரு வந்து போவாங்க.”

தங்கராஜ் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை. போனஸை ஒரு நாள் தள்ளிக் கொடுத்தவர் இல்லை, யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் மாலை அவருடையதுதான். ‘பாத்துக்கலாம்’ என்கிற ஒரே ஒரு வியாதி அவருக்கு இருந்தது. நம்மில் முக்கால்வாசிப் பேருக்கும் இருக்கிறதே, அதே வியாதி.

கலைவாணி திரும்பிவந்து நாற்காலிமேல் ஏறினாள். தான் செய்த தப்பு யாருக்கும் தெரியாமல் போகும் என்பதில் அவளுக்கு ஒரு ஓரமாக நிம்மதிகூட வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டைவிரலால் சந்தனத்தை வழித்து ‘செப்டம்பர் 22’ மேல் அப்பினாள். தேதி மறைகிற வரைக்கும் அப்பினாள். அதன்மேல் மேல்மலையனூர் குங்குமத்தை வைத்தாள். பொட்டலத்தைப் பழையபடி மடித்து டிராயரில் போட்டு மூடினாள்.

பூஜை முடிந்து பொரியும் சுண்டலும் கொடுத்துக்கொண்டிருந்தபோது கலியபெருமாள் வந்தார். பாய்லர் ஓட்டுகிறவர். ஐம்பத்துமூணு வயது, எட்டாவது வரை படிப்பு. பாய்லர் பரீட்சையை ரெண்டாவது தடவையில் பாஸ் செய்தவர், அந்தப் பெருமையை இன்னும் சட்டைப்பையில் வைத்திருப்பவர். முன்னே வேறு ஊரில் வேலை செய்தபோது, தேதி முடிந்த பாய்லரில் ஆவி பீறியடித்து, கூட வேலை செய்த ஒருத்தனின் முகம் வெந்துபோனதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அன்றிலிருந்து அவருக்கு ஒரே சட்டம். சான்றில் தேதி இருந்தால் நெருப்பு வைப்பார். இல்லை என்றால் மந்திரியே வந்து சொன்னாலும் வைக்கமாட்டார்.

அவர் செருப்பை வெளியே விட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐந்தாவது சட்டத்துக்கு எதிரே போய் நின்றார்.

“கலைவாணிம்மா, இந்த வருசம் ஆபீசரு இன்னும் வரலியே? எப்பவும் பூஜைக்கு மின்னாடியே வந்துட்டுப் போய்டுவாரே. சொர்ணவாரிப் பட்டத்து நெல்லு வரத்துல எனக்கும் மறந்துபூட்சி” என்றபடி அண்ணாந்து பார்த்தார். தேதி இருக்கவேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது.

அதைச் சுரண்ட அவர் விரல் மேலே போனது. விரல் பாதியில் நின்றது. பூஜைக்கு வைத்த பொட்டைச் சுரண்டலாமா? அவர் அந்தச் சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“தேதி சாமிக்கு வெச்சதுக்கு அடியில மாட்டிக்கினு இருக்குது. நீயே சொல்லிடும்மா, எப்ப வரைக்கும் இருக்குது? எதுக்குக் கேக்கறன்னா, அந்த சேஃப்டி வால்வு இறுகுன மாதிரி இருக்குது. தூக்கிப் பாத்தா அசையறதுக்கு அடம் புடிக்குது. ஆபீசரு வந்தா எல்லாத்தயும் கழட்டிப் போட்டுப் பாத்துடுவாரு.”

பாய்லருக்குள் ஆவி அளவுக்கு மீறினால் தானாகவே திறந்து வெளியே விடுகிற வால்வு அது. அந்த ஒன்று வேலை செய்யவில்லை என்றால், மூடியை அழுத்திக் கட்டி அடுப்பில் வைத்த பானைதான் பாய்லர்.

“நவம்பர் வரைக்கும் இருக்குதுண்ணா” என்றாள் கலைவாணி.

“நவம்பரா? பொரட்டாசில வர்ற மாதிரி இல்ல எனக்கு ஞாபகம்?”

“போன தடவ அவங்க லேட்டா குடுத்தாங்க இல்ல, அதனால தள்ளிப்போச்சு.”

கலியபெருமாள் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். பதினோரு வருசத்துல ஒரு தடவ தப்பியிருக்கியா? நவம்பர்ன்னா ஒரு மாசம்தானே, வால்வு தாங்கும். எங்கூட வேல செய்யற அமிர்தவல்லிக்கு ரெண்டு பொட்டலம் பொரி குடும்மா, அதோட பேரப்புள்ளைங்க வந்திருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்ததும் அவர் பாய்லரில் நெருப்பு வைத்தார்.

அதற்கப்புறம் கலைவாணி தினமும் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி மில்லுக்கு நடக்கும்போது புகைக்கூண்டைத்தான் முதலில் பார்ப்பாள். ‘இன்னிக்கு சொல்லிடணும்’ என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைவாள். ஐந்தாம் நாள் நிஜமாகவே பாய்லர் கொட்டகை வரைக்கும் போனாள். கலியபெருமாள் அமிர்தவல்லியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். அமிர்தவல்லி, பாய்லருக்கு உமி தள்ளுகிறவள்.

“வாம்மா, இன்னா அதிசயமா இந்தப் பக்கம்? டீ சாப்டுறியா?” என்றார் அவர்.

கலைவாணி வாயைத் திறந்தாள். “ஒண்ணுமில்லண்ணா, சும்மாதான். அந்த வால்வு எப்பிடி இருக்குது?” என்றுதான் வந்தது.

“அப்பிடியேதான் கீது. எண்ண வுட்டு வெச்சிருக்கேன். நவம்பர் வரைக்கும் அத தாஜா பண்ணி ஓட்டிடலாம்.”

அதற்குள் தங்கராஜ் போனில் கூப்பிட்டார். அவள் திரும்பிப் போய்விட்டாள். ஒரே ஒரு வாக்கியம்தான் சொல்லவேண்டியிருந்தது. அதைச் சொன்னால் முதலாளி கோபிப்பார், தான் பொய் சொன்னது தெரிந்துவிடும், கலியபெருமாள் இனி தன்னை நம்பமாட்டார். இந்த மூன்று பயமும் சேர்ந்து அவள் வாயைக் கட்டிப்போட்டன. அட பாவமே, எவ்வளவு சின்னப் பயங்கள்!

ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். அவள் லாரிச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். கொட்டகைப் பக்கமிருந்து “ஓடுங்க, எல்லாரும் வெளிய ஓடுங்க!” என்று கலியபெருமாள் கத்துவது கேட்டது. கொஞ்ச நேரத்துக்கெல்லாம் தரை அதிர்ந்தது. சுவரில் சட்டங்கள் ஏழும் ஆடின. பிறகு ஆவி சீறுகிற சத்தம், அதற்குள் ஒரு மனிதக் குரல்.

நடந்தது இதுதான். ஆவியின் அளவைக் காட்டுகிற முள் சிவப்புக்கோட்டைத் தாண்டியது. வால்வு திறக்கவில்லை. துரு ஏறி மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. கலியபெருமாள் அமிர்தவல்லியைப் பிடித்து வெளியே தள்ளினார். அவர் அப்போதே ஓடியிருக்கலாம். ஓடினால் பாய்லரே வெடித்துக் களத்தில் நெல் காயவைக்கிற பதினாலு பெண்களும் போய்விடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். நெருப்பை வாரி வெளியே இழுத்துப்போட ஆரம்பித்தார். பாதி வாரியிருப்பார், தலைக்கு மேலே ஆவிக்குழாயின் இணைப்பு பிய்ந்துகொண்டது.

ஆம்புலன்சில் கலைவாணியும் ஏறிக்கொண்டாள். புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் நினைவோடுதான் இருந்தார். முகத்தையும் மார்பையும் ஈரத்துணி போட்டு மூடியிருந்தார்கள்.

“அமிர்தவல்லி நல்லா இருக்குதா?” என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆவலண்ணா. எல்லாரும் நல்லா இருக்காங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, “நவம்பர் வரைக்கும் தாங்கும்னு பாத்தேம்மா. அதுக்குள்ள போய்டுச்சு, பாரு” என்றார். காகிதம் சரியாகத்தான் சொன்னது, தான்தான் இரும்பைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோம் என்கிற மாதிரி வெட்கத்தோடு சொன்னார். கலைவாணிக்கு ஆம்புலன்சிலிருந்து குதித்துவிடலாம் போல இருந்தது. அப்போதும் அவள் உண்மையைச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார்.

அதற்கு அடுத்த புதன்கிழமை விசாரணைக்கு அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. தங்கராஜ் அன்று காலையிலேயே ஆபீசில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்தில் பத்து வயது கூடின மாதிரி இருந்தது அவர் முகம். காரியச் செலவு முழுக்க அவர்தான் ஏற்றுக்கொண்டிருந்தார், பாடைக்குத் தோளும் கொடுத்தார். ஆனாலும் அவர் சொன்னது இதுதான்.

“கலைவாணி, ஆகஸ்டு மாசமே மனு போட்ட மாதிரி ஒரு லெட்டரு அடிச்சு வெச்சுடு. பழைய தேதி போடு. பாய்லருல தண்ணி கொறஞ்சத அவன் பாக்காம வுட்டுட்டான்னு சொல்லிடலாம்.”

“சார், அவரு மேல பழியப் போடறதா?”

“செத்தவனுக்கு இனிமே இன்னாம்மா கெட்ட பேரு? மில்லு மூடுனா அறுவது குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். நீயும்தான். யோசன பண்ணு.”

அவள் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்தாள். ‘நாள்’ என்று அடித்து, ஆகஸ்ட் 23 என்று போட்டாள். அவள் மனு போட்டிருக்கவேண்டிய அதே நாள். கடிதத்தை அடித்து முடித்து, பிரிண்டரிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

அதிகாரி வந்தார். கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்தார். தங்கராஜ் தண்ணீர் குறைந்த கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மங்கை வந்து நின்றாள். கலியபெருமாளின் மனைவி. அவருடைய சாமான்களை எடுத்துப்போக வந்திருந்தாள். ஒரு மஞ்சள் பை, சாப்பாட்டு டப்பா, அந்த மூக்குக்கண்ணாடி, அவ்வளவுதான். கலைவாணி எல்லாவற்றையும் எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

மங்கை போகவில்லை. தங்கராஜ் பேசுவதைக் கேட்டபடி நின்றிருந்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்து, அழாமல் கேட்டாள்.

“சாரே, எனக்குப் படிக்கத் தெரியாது. ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஆபீசரு வந்து பாக்காத பாய்லருக்கு அவரு நெருப்பு வெக்கமாட்டாரு. அதுக்காகவே ரெண்டு மில்லுல வேலய வுட்டுட்டு வந்தவரு. இந்த வருசம் இன்னாத்துக்கு வெச்சாரு? பூஜ அன்னிக்கு ராத்திரி ஊட்டுக்கு வந்து, ‘நவம்பர் வரைக்கும் தேதி இருக்குதாம், கலைவாணி சொல்லுச்சு’ன்னாரு. அந்தத் தேதி எங்க இருக்குது? அத எனக்கு யாராச்சும் காட்டுங்க.”

தங்கராஜ், “மங்க, நீ வீட்டுக்குப் போம்மா, அப்பறமா பேசிக்கலாம்” என்றார்.

கலைவாணி எழுந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, ஐந்தாவது சட்டத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தாள். காய்ந்த சந்தனத்தைத் தன் முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள். குங்குமம் கண்ணாடி முழுக்க இழுவியது. பிறகு தேதி வந்தது.

“செப்டம்பர் 22 சார். முடிஞ்சதுக்கு அப்பறம்தான் ஓட்டினோம். தெரிஞ்சேதான் ஓட்டினோம். இந்தப் பொட்ட வெச்சது நான். அவரு என்னத்தான் கேட்டாரு. வால்வு இறுகிப் போச்சுன்னும் சொன்னாரு. நவம்பர் வரைக்கும் இருக்குதுன்னு நான் பொய் சொன்னேன்.” டிராயரைத் திறந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்து, அந்தக் காலண்டர் தாளையும் அவர்முன் விரித்தாள். “மனு போட மறந்ததும் நான்தான். இந்த லெட்டரு இன்னிக்குக் காலையில அடிச்சது. தண்ணி கொறயல சார். அவரு ஒரு தப்பும் பண்ணல.” பழைய தேதி போட்ட கடிதத்தை ரெண்டாகக் கிழித்து அதையும் அவர் கையிலேயே கொடுத்தாள்.

தங்கராஜ் தலையைக் கையால் பிடித்துக்கொண்டார். அதிகாரி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

கலைவாணி மங்கையின் காலில் விழப்போனாள். மங்கை பின்னால் நகர்ந்துகொண்டாள்.

“என் கால்ல வுழுந்து இன்னா ஆவப்போவுது? எழுந்திரு” என்றாள். அவள் கண் மேஜைமேல் இருந்த சட்டத்தில் இருந்தது. படிக்கத் தெரியாதவள் அந்த எழுத்துகளை ரொம்ப நேரம் பார்த்தாள். கையில் அவருடைய மூக்குக்கண்ணாடி இருந்தது.

“‘தேதி முடிஞ்சுபூட்சிண்ணா’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அவரு நெருப்ப வெக்காம களத்து ஓரமா பீடி புடிச்சிக்கினு குந்தினு இருந்திருப்பாரு. மில்லு ஒரு வாரம் நின்னிருக்கும். நின்ன மில்லு மறுபடியும் ஓடும். இவரு வருவாரா? அந்தத் தேதி ஆபீசருக்குன்னு நெனச்சுதானேம்மா சந்தனத்தப் பூசி மூடுனீங்க? ஆபீசரு வருசத்துல ஒரு நாளு வந்துட்டு ஜீப்புல ஏறிப் போய்டுவாரு. அந்தத் தேதிய எழுதி வெக்கறது நெருப்புக்கு மின்னாடி நிக்கறவனுக்கும்மா. இனிமேலாச்சும் அவன் கண்ணுல படற மாதிரி மாட்டி வையுங்க.”

மஞ்சள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வாசலில் இறங்கி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.